முகம் வரையாமல் முகம் கொண்டுவருவது: அரூப ஓவியம் பழக ஒரு வழி

கும்பகோணம் பக்கத்தில் பழைய திண்ணை வீடு ஏதாவது கண்ணில் பட்டால் நாலடி தள்ளி நின்று பாருங்கள். வாசற்கதவின் இரண்டு பக்கமும் விளக்கு வைக்க மாடக்குழி இருக்கும். எண்ணெய்ப் புகை ஏறி இரண்டும் கறுத்துப் போயிருக்கும். நடுவில் கதவு, மேலே ஓட்டுச் சரிவு நெற்றியில் விழுந்த முடி போல. கொஞ்ச நேரத்தில் அந்த வீடு உங்களைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிடும். கொத்தனார் அங்கே முகம் செய்யவில்லை. விளக்குக்கு இடம் விட்டார், அவ்வளவுதான். மீதியைக் கரியும் உங்கள் கண்ணும் செய்துகொண்டன.

அரூப ஓவியத்தில், அதாவது பொருளை அப்படியே காட்டாமல் நிறமும் வடிவமுமாகப் போடும் படத்தில், முகமும் உணர்ச்சியும் விளையாட்டாக எட்டிப் பார்க்க வைப்பது இதே வேலைதான். நாம் முகம் வரைவதில்லை, முகம் வந்து உட்கார இடம் விடுகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வண்ணம் பழக வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் நாள் சொல்வது, "சார், எனக்கு ஒரு பூனை வரைஞ்சாக்கூட பெருச்சாளி மாதிரி வருது, இது எனக்கு ஆகுமா?" ஆகும். நன்றாகவே ஆகும். அச்சு அசலாக வரையத் தெரிந்தவர்கள்தான் இங்கே அதிகம் சிரமப்படுகிறார்கள். கை தானாக மூக்கை வரைந்துவிடுகிறது.

நம் மொழியில் இந்தப் பார்வை ஏற்கெனவே ஊறிக் கிடக்கிறது. தேங்காய்க்கு மூன்று கண், நுங்குக்கும் கண், ஊசிக்குக் காது, குடத்துக்குக் கழுத்து. டெல்டாக்காரர்கள் தண்ணீர் பாய்ச்சும்போது சொல்லும் வார்த்தைகளைக் கேளுங்கள்: வாய்க்கால், கண்ணாறு, தலைமடை. காவிரி கடலைச் சேரும் இடம் கழிமுகம். உயிரில்லாத பொருளில் முகம் தெரிவது மூளையின் இயல்பு. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், முகம் போலத் தோன்றும் சாதாரணப் பொருள்களைப் பார்த்தவர்களின் மூளையில், முகத்தை அறியும் பகுதி 165 மில்லிசெகண்டுக்குள் துடித்தது. ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு. யோசித்து முடிவெடுப்பதற்கு முன்பே முகம் வந்துவிடுகிறது. நம் ஓவியம் நம்பியிருப்பது இந்த வேகத்தைத்தான்.

வாங்க வேண்டியவை

இதில் பணத்தைக் கொட்ட வேண்டாம். கேன்வாஸ் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம், அதன் விலையே கையைக் கட்டிப் போடும். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) உள்ள தடித்த ஏ3 தாள் பத்து, அதைப் பலகையில் ஒட்ட மாஸ்கிங் டேப், ஓர் அங்குலத் தட்டை பிரஷ் ஒன்று, சின்ன பிரஷ் ஒன்று. பழைய டூத் பிரஷ், காலாவதியான ஏ.டி.எம். கார்டு, கிழிந்த பனியன் துணி எல்லாம் வீட்டிலேயே இருக்கும். அக்ரிலிக் வண்ணத்தில் ஐந்து போதும்: வெள்ளை, மஞ்சள், ஒரு சிவப்பு, அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா. பர்ன்ட் சியன்னா நம் ஊர் செங்கல்லின் நிறம். அதையும் அல்ட்ராமரைனையும் கலந்தால் உயிருள்ள ஒரு கருமை கிடைக்கும். நீலம் கூடினால் குளிர்ச்சி, சியன்னா கூடினால் சூடு. ட்யூபில் வரும் கறுப்பை முதல் ஆறு மாதத்துக்குத் தொடாதீர்கள். அது வைத்த இடத்தில் ஓட்டை விழுந்தது போல இருக்கும், சுற்றியுள்ள நிறத்தோடு பேசாது.

சித்திரை வெயிலில் அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்துவிடும். ஈரத்துணியை மடித்துத் தட்டில் விரித்து, அதன்மேல் ஒரு பட்டர் பேப்பர் வைத்து வண்ணத்தை அதில் பிழியுங்கள். ஐப்பசியில் கதை தலைகீழ்: தாள் காயவே காயாது, அடுத்த பூச்சு போட அவசரப்பட்டால் கீழ்ப்பூச்சு உரிந்து வரும்.

முதல் வாரம்: பிரஷ் தொடாமல் முகம் பொறுக்குவது

ஒரு வாரம் போனை எடுத்துக்கொண்டு சுற்றுங்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்பு என்றால் ஆறு வறண்டிருக்கும், அது நல்ல காலம். மணலில் காற்று வரைந்த புருவங்கள், வற்றிய குளத்துச் சேற்றின் வெடிப்பு, படித்துறைச் சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்துக் கறை, பம்புசெட் கொட்டகைச் சுண்ணாம்பு உரிந்த இடம். லியொனார்டோ டா வின்சி தன் மாணவர்களுக்குச் சொன்ன யோசனையும் இதுதான்: கறை படிந்த சுவரை உற்றுப் பார், நிலமும் போரும் முகங்களும் அதில் கிடைக்கும்.

ஆனால் படம் எடுப்பதோடு நின்றால் பிரயோஜனம் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். என்ன உணர்ச்சி தெரிகிறது? எதனால் தெரிகிறது? என் நோட்டில் உள்ள ஒரு வரி: "மதகு. சலித்துப் போன முகம். இடது துளையின் மேல் சிமெண்ட் பெயர்ந்து இமை பாதி மூடியது போல." அந்த இரண்டாம் கேள்விக்கான பதில்தான் உங்கள் முதல் சொத்து. பாதி மூடிய மேல்விளிம்பு சலிப்பைத் தரும் என்று எந்தப் பாடத்தையும் விட அந்த மதகு எனக்கு நன்றாகச் சொல்லிக் கொடுத்தது.

இரண்டாம் வேலை: யோசிக்காத தளம்

தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டுங்கள். சுத்தமான தண்ணீரால் நனைத்துவிட்டு, மஞ்சளும் பர்ன்ட் சியன்னாவும் நீர்க்கக் கரைத்து அங்கங்கே விடுங்கள். பலகையைச் சாய்த்து ஓடவிடுங்கள். ஈரம் பாதி காயும்போது டூத் பிரஷ்ஷால் நீலத்தைத் தெறியுங்கள், பனியன் துணியைக் கசக்கி ஒற்றி எடுங்கள். கார்டின் விளிம்பால் நாலைந்து இழுப்பு. பத்து நிமிடத்தில் முடித்துவிட வேண்டும். இந்தக் கட்டத்தில் "இது கண்ணு மாதிரி இருக்கே" என்று தோன்றினால் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பாருங்கள்.

தாளை நடுவில் மடித்து மைக்கறை எடுக்கும் முறையைப் பலர் கேட்கிறார்கள். மனநல மருத்துவர் ஹெர்மன் ரோர்ஷாக் 1921-இல் வெளியிட்ட பத்து உளவியல் அட்டைகள் அப்படிப்பட்டவை. இரண்டு பாதியும் ஒன்று போல இருக்கும் எதுவும் உடனே முகமாகத் தெரியும், அது அந்த முறையின் பலம். ஆனால் எல்லாமே வௌவாலாகவும் முகமூடியாகவும் முடியும். மடித்து எடுத்தால், காய்ந்ததும் ஒரு பாதியைக் கட்டாயம் கலைத்து விடுங்கள்.

மூன்றாம் வேலை: திருப்பிப் பார்ப்பது

காய்ந்த தாளைச் சுவரில் சாய்த்து, நான்கு பக்கமும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். பக்கத்துக்கு ஐந்து நிமிடம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் விவரம் மறைந்து வெளிச்சமும் இருளும் மட்டும் தெரியும். தாள்மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட் ஒன்றை வைத்து, தெரிகிற முகங்களை மார்க்கரால் லேசாகக் குறியுங்கள். முதலில் கண்ணில் பட்ட முகத்தை எடுக்காதீர்கள். அது எல்லோருக்கும் தெரியும் முகம். மூன்றாவதாகவோ நாலாவதாகவோ வந்தது, தெரிந்தும் தெரியாமலும் நழுவுகிறதே, அதுதான் வேண்டும்.

நான்காம் வேலை: சுற்றிப் பூசுவது

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. முகம் கிடைத்ததும் அதற்கு அவுட்லைன் போடத் தோன்றும். போட்டால் கார்ட்டூன் ஆகிவிடும். முகத்தைத் தொடாமல், முகம் இல்லாத இடத்தைப் பூசி மூடுங்கள்.

நான் செய்த ஒன்றை அப்படியே சொல்கிறேன். ஏ3 தாள், செங்கல் நிறத் தளம். தலைகீழாகத் திருப்பியபோது மேல் பாதியில் மாங்கொட்டை வடிவத்தில் வெளிறிய திட்டு ஒன்று, இடப்பக்கம் சாய்ந்து நின்றது. அதற்குள் நீலத் தெறிப்பில் இரண்டு கருந்திட்டுகள். ஒன்று பயறு அளவு, மற்றது அவரைக்கொட்டை அளவு, அரை அங்குலம் தாழ்ந்து. அல்ட்ராமரைனில் வெள்ளையும் துளி சியன்னாவும் கலந்து, மழைக்கு முந்தின வானம் போல ஒரு சாம்பல் நீலம் செய்தேன். அதைத் தட்டை பிரஷ்ஷால் திட்டின் விளிம்புவரை கொண்டுவந்து நிறுத்தினேன். வலப்பக்கம் விளிம்பைக் கூர்மையாக விட்டேன், இடப்பக்கம் ஈரத்துணியால் கரைத்துவிட்டேன். அங்கே முகம் எங்கே முடிந்து பின்னணி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. கீழே, நடுவில் இல்லாமல் கொஞ்சம் ஒதுங்கி, கார்டின் மூலையால் ஓர் அங்குல நீளத்துக்கு ஒரு கீறல், வலக்கோடி தாழ்ந்து. அவ்வளவுதான். மூக்கு இல்லை, காது இல்லை, முடி இல்லை.

மோர் வாங்க வந்த பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றபடியே கேட்டார்: "யாரு தம்பி இது, மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்குது?"

கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளை அவர் பார்த்துவிட்டார். நான் வைத்ததோ இரண்டு புள்ளியும் ஒரு கீறலும்.

உணர்ச்சியை எங்கே வைப்பது

புதிதாக வருகிறவர்கள் உணர்ச்சி வாயில் இருப்பதாக நினைக்கிறார்கள். வளைவை மேலே திருப்பினால் சிரிப்பு, கீழே திருப்பினால் அழுகை. அது போனில் அனுப்பும் பொம்மை முகத்துக்குச் சரி. ஓவியத்தில் உணர்ச்சி முதலில் தலையின் சாய்வில் இருக்கிறது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை ஒன்றை மேசையில் வைத்து மெதுவாக விரலால் தட்டுங்கள். அதன் முகத்தில் பூசிய சிரிப்பு மாறுவதே இல்லை. ஆனால் தலை முன்னால் சாயும்போது வெட்கம், பின்னால் போகும்போது ஒரு திமிர், பக்கவாட்டில் ஆடும்போது "அட போப்பா" என்கிற அலட்சியம். அந்த மூன்று சாய்வையும் ஒற்றைக் கோடாகத் தாளில் இழுத்துப் பழகுங்கள். முகமே இல்லாத முட்டை வடிவத்தைச் சாய்த்தாலே போதும், பாதி வேலை முடிந்தது.

அடுத்தது இடைவெளி. இரண்டு புள்ளியும் வடிவத்தின் கீழ்ப்பாதியில் இருந்தால் குழந்தைத்தனம் வரும், நெற்றி பெரிதாகிவிடுவதால். நெருங்கி இருந்தால் கவலையோ கள்ளமோ. மிகவும் விலகினால் மலைப்பு. ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றால் சந்தேகம்.

மூன்றாவது விளிம்பு. மூளை ஆய்வாளர்கள் வி.எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பார்டும் 2001-இல் எழுதிய ஆய்வில் கூரான வடிவம் ஒன்றையும் உருண்டையான வடிவம் ஒன்றையும் காட்டி, "இதில் எது கிகி, எது பூபா?" என்று கேட்டதைச் சொல்கிறார்கள். 95 விழுக்காட்டினர் கூரானதைத்தான் கிகி என்றார்கள். கேட்கப்பட்டவர்களில் அமெரிக்க மாணவர்களோடு தமிழ் பேசுகிறவர்களும் இருந்தார்கள். நமக்கு இது புதிதில்லை, வல்லினம் மெல்லினம் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆகவே திண்ணையில் நான் சொல்வது இதுதான்: விளிம்பு போடும் முன் அதை வாயால் சொல்லிப் பாருங்கள். "கடக் தடக்" என்று வருகிறதா, கார்டை எடுங்கள். "ஞம ஞம" என்று வருகிறதா, ஈரத்துணி.

எந்த உணர்ச்சியை எடுப்பது என்று திகைப்பவர்களுக்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை விட நல்ல பட்டியல் எனக்குத் தெரியவில்லை. நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி) என்று எட்டு. மெய்யில் படுவதால் மெய்ப்பாடு, அதாவது உடம்பில் தெரிவது. ஓவியனுக்கு வேண்டியதும் அதுதானே. எட்டில் ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன், அதாவது அது பிறக்கும் இடம், உண்டு. நகை எதனால் பிறக்கிறது? எள்ளல், இளமை, பேதைமை, மடன். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. "சோகமா ஒரு படம் போடுறேன்" என்று உட்கார்ந்தால் கீழ்நோக்கிய வளைவுதான் வரும். "இழவு" என்று உட்காருங்கள், இருந்த ஒன்று இல்லாமல் போனது என்று பொருள். உடனே ஓர் இடத்தைக் காலியாக விடத் தோன்றும். கல்லூரிக்குப் போகும் ஒரு பெண், நிறைந்து வழியும் நிறங்களுக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்குத் தாளை வெறுமையாக விட்டு, அதன் மேல்விளிம்பில் ஒரே ஒரு சாய்ந்த கோடு வைத்தார். அதைப் பார்த்த எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். உவகையின் நான்கில் கடைசி விளையாட்டு. தொடங்குகிறவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

கண் கடைசியில்

சுவாமிமலையில் மெழுகு வார்ப்பு முறையில் தெய்வத் திருமேனி செய்கிறவர்கள் மெழுகு உருவத்தின்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி அச்சு எடுக்கிறார்கள். வார்த்து, அச்சை உடைத்து, ராவி, செதுக்கி, எல்லாம் முடிந்த பிறகே கண் திறக்கிறார்கள். அந்தப் பக்குவம் நமக்கும் பொருந்தும். கண்ணை முதலில் வைத்துவிட்டால் பிறகு அதற்கு அடிமையாகிவிடுவோம். அது பார்க்கிற பக்கமெல்லாம் கை போகும். முழுத்தாளும் முடிந்து ஒரு நாள் ஆறவிட்டு, அதற்குப் பிறகு ஒரு புள்ளி. சில நேரம் அந்தப் புள்ளியே தேவைப்படாது.

இரண்டு கண்ணும் வைத்தே ஆக வேண்டும் என்றால் ஓவியர் பால் க்ளே 1922-இல் வரைந்த செனெசியோ படத்தைத் தேடிப் பாருங்கள். ஸ்விட்சர்லாந்தின் பாசல் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரு வட்டம், அதற்குள் சதுரம் சதுரமாக வண்ணக் கட்டங்கள். ஒரு புருவம் முக்கோணம், மற்றது வெறும் வளைகோடு. அந்தச் சின்ன வேறுபாட்டில் ஒரு குறும்பு வந்து உட்கார்ந்துவிடுகிறது. இரண்டு புருவமும் ஒன்றாக இருந்திருந்தால் அது பொம்மையாகப் போயிருக்கும்.

நேரில் பார்க்க நம் பக்கத்திலேயே ஓர் அதிசயம் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அரசவை ஓவியர் சார்லஸ் லெ புருன் மனிதத் தலைகளை விலங்குத் தலைகளோடு ஒப்பிட்டு வரைந்தவற்றின் அச்சுப்படங்கள் தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடத்தில் இருக்கின்றன. ஆட்டின் முகம் எந்த இடத்தில் மனிதனாகிறது, ஆந்தை எப்படி ஒரு கிழவராகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, புருவமும் மூக்குத் தண்டும் செய்யும் வேலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய கோயிலுக்கு வருகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

எப்போது நிறுத்துவது

மூன்று பேரிடம் காட்டுங்கள். முகம் என்று நீங்களாகச் சொல்லாதீர்கள், "என்ன தோணுது?" என்று மட்டும் கேளுங்கள். மூன்று பேரும் பார்த்த மாத்திரத்தில் "முகம்" என்றால் அதிகமாகச் சொல்லிவிட்டீர்கள். ஒரு கண்ணையோ வாயையோ நீர்த்த வண்ணத்தால் பாதி மறையுங்கள். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை என்றால் ஒரு விளிம்பைக் கூர்மையாக்குங்கள், அல்லது வடிவத்தைச் சாய்த்துப் பாருங்கள். ஒருவர் "கோவமா இருக்காரு", இன்னொருவர் "தூங்குதா?", மூன்றாமவர் "மழை வரப்போற மாதிரி" என்றால் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிடுங்கள். அதற்கு மேல் வைக்கும் ஒவ்வொரு பூச்சும் நஷ்டம்.

டேப்பை உரிக்கும்போது தாளிலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்த்து மெதுவாக இழுங்கள், இல்லாவிட்டால் விளிம்பு கிழியும். கண்ணாடி போட்டுச் சட்டமிடுவதானால் தாள் கண்ணாடியைத் தொடாமல் நடுவில் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். நான் ஒரு கார்த்திகையில் அவசரப்பட்டு, அட்டை இல்லாமல் இரண்டு படத்தைச் சட்டமிட்டேன். தை பிறப்பதற்குள் ஒன்று கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது, மற்றதில் பூஞ்சை பூத்துவிட்டது. அதில் ஒன்று ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் பரிசாகத் தருவதாகச் சொல்லியிருந்தேன். இன்றைக்கும் அது மனசை உறுத்துகிறது.

படத்துக்குப் பெயர் வைக்க வேண்டுமென்றால் உணர்ச்சியின் பெயரை வைக்காதீர்கள். "கோபம்" என்று எழுதி ஒட்டினால் தூக்கமும் மழையும் பார்த்த மற்ற இரண்டு பேரும் பொய்யர்களாகிவிடுவார்கள். "மதகு", "மூன்றாம் நாள்", "மோர்" என்று பக்கத்தில் நிற்கும் ஒரு பெயர் போதும். கையெழுத்தைத் தாளின் பின்பக்கம் போடுங்கள். மூஞ்சைத் தூக்கி வைத்திருந்த அந்தப் படத்தை நான் பக்கத்து வீட்டு அக்காவுக்கே கொடுத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்துப் போனபோது அடுக்களை வாசலில் தலைகீழாக மாட்டியிருந்தார். கேட்டதற்கு, "இப்படி வச்சாதான் தம்பி சிரிக்குது, நீங்களே பாருங்க" என்றார். பார்த்தேன். கீறல் மேலே போய் ஒரு தூக்கிய புருவமாகியிருந்தது.